ஸர் தாமஸ் மன்றோ: படைத்துறையினின்று வரித்துறைக்கு

அரிமளத்தில் விளைநிலம் உடைய வீடு எதுவாயினும், அங்கே பட்டா, சிட்டா, அடங்கல், கிஸ்தி, ஜமாபந்தி என்னும் சொற்கள் குழந்தைகளின் செவிக்கும் பழகியவை. கண்மாய் நிரம்பிய ஆண்டிலும், வறண்டு கிடந்த ஆண்டிலும், பெரியோர் பேச்சு இறுதியில் தீர்வையில் வந்து நிற்கும். ஆண்டுதோறும் திருமயம் தாலுகா கச்சேரியில் ஜமாபந்தி கூடுங்கால், மனுவைக் கையில் ஏந்திச் சென்று, அதிகாரியின் முன்னே தாமே நின்று பேசுதல் குடியானவர்க்கு இயல்பான உரிமையாகத் தோன்றுகின்றது. அவ்வுரிமைக்கு அடிப்படையாயுள்ள கொள்கைகள் மூன்று. அரசுக்கும் உழுபவனுக்கும் இடையே தரகர் எவரும் நிற்றல் கூடாது என்பது ஒன்று. அவன் செலுத்த வேண்டிய தொகை இவ்வளவென்று அவனுக்கே முன்கூட்டித் தெரிதல் வேண்டும் என்பது மற்றொன்று. தவறு நேர்ந்தால் முறையிடும் இடம் அவன் எளிதிற் சென்று சேரும் தொலைவில் இருத்தல் வேண்டும் என்பது மூன்றாவது.

இக்கொள்கைகள் தென்னாட்டில் நிலைபெறப் பெரிதும் உழைத்தவர் வழக்கறிஞர் அல்லர். சட்டக் கலாசாலையில் பயின்றவரும் அல்லர். பன்னிரண்டு ஆண்டுகள் போர்க்களங்களிலே காலங் கழித்த ஒரு படைவீரர் அவர். சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்து 1827-ஆம் ஆண்டில் மறைந்த ஸர் தாமஸ் மன்றோவே அப்பெருமகனார். நம் கல்லூரி மாணவர் பலர் இந்நாளில் சட்டமும் வணிகமும் கற்று, வரி வழக்குகளை நடத்தும் தொழிலை நாடிச் செல்கின்றனர். படைத்தொழிலை விட்டு வரித்தொழிலை ஏற்ற ஒருவரது வாழ்க்கையினின்று அவர்கள் அறிய வேண்டுவன பல உளவாதலின், அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இளமைப் பருவம்

தாமஸ் மன்றோ 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரிலே பிறந்தார். அவர் தந்தையாராகிய அலெக்ஸாண்டர் மன்றோ, அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவோடு வாணிகம் செய்து வந்த செல்வர். இளமையிற் கண்ட நோயின் பயனாக மன்றோவுக்குக் காது சிறிது மந்தமாயிற்று. அக்குறை அவர் வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை. ஆயிரக்கணக்கான குடிகளின் முறையீட்டைக் கேட்பதையே தொழிலாகக் கொள்ளப்போகும் ஒருவர்க்கு இக்குறை வாய்த்தது வியப்பேயாம்.

கிளாஸ்கோ ஸர்வகலாசாலையில் அவர் கணிதமும் இரசாயனமும் விரும்பிக் கற்றார். ஸ்பானிய மொழியில் எழுந்த டான் குவிக்ஸோட் என்னும் கதையை மூலத்திலேயே படித்தல் வேண்டுமென்னும் ஆசையால், அகராதியின் துணைகொண்டு அம்மொழியைத் தாமே பயின்றார் என்பர். படிப்பு முடிந்தபின் ஒரு வாணிகக் கணக்குச்சாலையில் அமர்ந்தார். இந்நிலையில் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் இங்கிலாந்தோடு போர் தொடுத்தன. வர்ஜீனிய வாணிகம் அற்றுப்போகவே, தந்தையாரின் செல்வமும் அதனோடு அழிந்தது. குடும்பத்தைத் தாங்க வேண்டிய கடமை மைந்தர்மீது வீழ்ந்தது. மன்றோ கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையிற் பயிற்சி வீரராகச் சேர்ந்து, 1780-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே சென்னைக் கரையில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

போர்க்களத்திற் கழிந்த பன்னிரண்டு ஆண்டுகள்

அவர் வந்திறங்கிய ஆண்டிலேயே மைசூர் ஹைதர் அலி பெரும் படையோடு கர்நாடகத்தின்மீது பாய்ந்தார். புள்ளலூரில் கர்னல் பெய்லியின் சேனை அழிந்தது. அந்தக் கொடிய நாட்களிற் பின்வாங்கிய படையில் மன்றோவும் இருந்தார். பிறகு ஸர் அயர் கூட் என்பாரின் கீழ்ப் பணியாற்றிப் பரங்கிப்பேட்டைப் போர் முதலியவற்றைக் கண்டார். 1784-இல் ஸமாதானம் உண்டாகும் வரையில் அவர் கண்டனவெல்லாம் எரிந்த ஊர்களும், விதைப்பாரற்ற வயல்களும், பஞ்சத்தால் நெடுஞ்சாலை ஓரங்களில் மடிந்த மக்களுமேயாம். போர் என்பது குடியானவனை எவ்வாறு சூறையாடுகின்றது என்பதை அவர் புத்தகத்தில் அன்றிக் கண்ணாலேயே கண்டறிந்தார்.

படையிற் கீழ்நிலை அதிகாரியின் ஊதியம் மிகச் சிறிது. தமக்குத் தலையணையாக உதவியது ஒரு புத்தகமோ அல்லது தோட்டாப்பையோதான் என்று வேடிக்கையாகத் தம் ஸகோதரிக்கு அவர் எழுதியதுண்டு. அந்தச் சிறு ஊதியத்திலும் ஒரு பகுதியைப் பெற்றோர்க்கு அனுப்பி வந்தார். ஓய்வு கிடைத்த பொழுதெல்லாம் ஹிந்துஸ்தானியும் பாரசீகமும் பயின்றார். பாரசீக ஏடு ஒன்றில், கடன்பட்டவனது உடம்பினின்று தசையை அறுத்துக்கொள்ளக் கோரிய கடன்காரன் கதையைக் கண்டு, அது ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வர்த்தகன் நாடகத்தோடு ஒத்திருத்தலை வியந்து, மொழிபெயர்த்துத் தாய்நாட்டிற்கு அனுப்பினார். அந்நாளில் கம்பெனி அதிகாரிகளிற் பலர் துவிபாஷிகளின் வாயாலன்றி ஒரு சொல்லும் அறியாதவர். துவிபாஷி எதனை மறைத்தானோ அது துரைக்கும் மறைந்தே நின்றது. மன்றோ மொழி பயின்றது முதலில் வெறும் ஆவலினாலேயாயினும், அதுவே அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றியது.

பாராமகாலில் புதுத்தொழில்

1790-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானோடு போர் மூண்டது. 1792-இல் ஸ்ரீரங்கபட்டணத்தில் உடன்படிக்கை ஏற்பட்டபோது, சேலம், கிருஷ்ணகிரி, தர்மபுரி முதலிய இடங்களை உள்ளடக்கிய பாராமகாலும் சேலம் நாடும் கம்பெனியார் கைக்கு வந்தன. அந்நாட்டுக்கு வரி விதித்து ஆள்வதற்கு யாரை அனுப்புவது என்னும் கேள்வி எழுந்தது. சென்னையிலிருந்த ஸிவில் உத்தியோகஸ்தர்களில் நாட்டு மொழியும் நாட்டு வழக்கமும் அறிந்தவர் அரியர் என்று கண்ட கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு, படை அதிகாரியாகிய காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்பவரைத் தலைவராக்கி, அவருக்குத் துணையாக மூன்று படைவீரரை நியமித்தார். அம்மூவருள் மன்றோ ஒருவர். மற்ற இருவர் கிரஹாம், மக்லௌட் என்போர்.

போரிற் புகழடைய விரும்பிய வீரர்க்கு நிலம் அளக்கும் வேலை மதிப்புடையதாகத் தோன்றாதென்று நாம் நினைக்கலாம். ஆயினும் மன்றோ அதனைத் தம் முழுமனத்தோடும் ஏற்றார். ஏழாண்டுகள் அந்நாட்டிலே குதிரைமீதும் கூடாரத்திலுமாக ஊர் ஊராய்ச் சுற்றினார். காலையிலிருந்து இருள் சூழும்வரை குடிகள் அவர் கூடாரத்தைச் சூழ்ந்துகொள்வர். வயலின் எல்லைத் தகராறு, அண்ணன் தம்பியர் பாகவழக்கு, மழையின்மையால் தீர்வை தள்ளிக்கேட்கும் மனு, கர்ணத்தின் கள்ளக்கணக்கு ஆகிய யாவும் அங்கே வந்தன. இந்தக் கூடாரமே அவர் பயின்ற சட்டக் கலாசாலை என்னலாம். தர்மபுரியிலே ஒரு தோட்டம் அமைத்து, மாலைவேளைகளில் அதில் உலாவி இளைப்பாறுவார். பிற்காலத்தில் உயர்ந்த பதவிகளில் இருந்தபோதும் அத்தோட்டத்தின் நினைவு அவரை விட்டகலவில்லை.

அக்காலத்து நிலவரி எவ்வாறு வசூலிக்கப்பட்டது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். நாட்டைப் பகுதி பகுதியாகக் குத்தகைக்கு விடுவர். அதிகத் தொகை சொன்னவன் குத்தகைதாரன். அவன் அரசுக்குச் செலுத்தும் தொகை ஏட்டில் உண்டு. குடிகளிடம் அவன் பிடுங்கும் தொகை எந்த ஏட்டிலும் இல்லை. குடியானவனுக்குத் தான் கொடுக்கவேண்டியது யாதென்று அறுவடைக்குப் பின்னும் தெரியாது. வங்காளத்தில் 1793-இல் காரன்வாலிஸ் பிரபு ஜமீன்தார்களோடு நிரந்தரமாக ஓர் ஏற்பாடு செய்தார். அரசு பெறும் தொகை அங்கே என்றைக்குமாக நிலைத்தது. உழுபவன் கொடுக்கும் தொகைக்கோ வரம்பு ஏற்படவில்லை.

ரீட் துரையும் தொடக்கத்தில் நீண்டகாலக் குத்தகை முறையையே எண்ணியிருந்தார். ஆனால் வயல்களை ஒவ்வொன்றாக அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, இன்ன வயலுக்கு இன்ன தீர்வையென்று எழுதியபோது, இடையே ஒருவர் வேண்டியதில்லை என்பது தானே புலனாயிற்று. 1796-ஆம் ஆண்டில், குடியானவன் ஆண்டுதோறும் தான் விரும்பிய வயலை வைத்துக்கொண்டு, வேண்டாததை விட்டுவிடலாம் என்று ரீட் அறிவித்தார். இதுவே ரயத்துவாரி முறையின் தோற்றம். ரயத்து என்பது குடியானவனைக் குறிக்கும் சொல். விதை விதைத்தவர் ரீட். அதனை நீரூற்றி மரமாக்கியவர் மன்றோ. முதலில் ஐயத்தோடு இம்முறையைப் பார்த்த மன்றோ, அநுபவத்தினால் அதன் உறுதியான ஆதரவாளரானார்.

கன்னடமும் கடப்பையும்

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூர் நாட்டைப் பகிர்ந்து ஒழுங்கு செய்ய ஏற்பட்ட கமிஷனுக்கு மன்றோவும், பிற்காலத்திற் புகழ்பெற்ற மால்கமும் காரியதரிசிகளாயினர். உடன்படிக்கைகளையும் உரிமைகளையும் எழுத்தில் அமைக்கும் பொறுப்பு இங்ஙனம் படைவீரர் இருவரிடம் வந்தது. அதன்பின் மன்றோ மேல்கடற்கரையிலுள்ள கன்னட ஜில்லாவுக்கு அனுப்பப்பட்டார். மழையும், கலகமும், மனம் கசந்த மக்களுமாயிருந்த அவ்விடத்தில் அவர் மனம் பொருந்தவில்லை. ஆயினும் அங்கே நிலம் தலைமுறை தலைமுறையாகச் சொந்தமாய் அநுபவிக்கப்பட்டு, விற்கவும் வாங்கவும் பெறுதலைக் கண்டார். தீர்வை மிதமாயிருந்தாலன்றி நிலத்துக்கு விலை உண்டாகாது என்பது அங்கே அவர் கற்ற பாடம்.

1800-ஆம் ஆண்டில் ஹைதராபாத் நிஜாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பல்லாரி, கடப்பை முதலிய நாடுகள் மன்றோவின் பொறுப்பில் வந்தன. அவர் வாழ்வில் மிகப்பெரிய பணி இதுவே. ஏறத்தாழ எண்பது பாளையக்காரர்கள் அங்கே கோட்டை கட்டிக்கொண்டு ஆண்டு வந்தனர். அவர்களை அடக்குவதில் மன்றோ மிகவும் கடுமையாக நடந்துகொண்டார் என்று கம்பெனியின் டைரக்டர்களே குறை கூறினர். பாளையக்காரர்க்கு உரிய பழைய உரிமையைக் காட்டிலும், அவரால் துன்புற்ற உழவனது உரிமையே அவர் கண்ணுக்குப் பெரிதாய்த் தெரிந்தது. இது நியாயமா என்று ஆராய்தல் சரித்திர மாணவர் கடமை. வாளை வைத்துவிட்டவராயினும் படைவீரரின் விரைவும் வன்மையும் அவரை விட்டு முற்றும் நீங்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

நில அளவை 1802-ஆம் ஆண்டில் தொடங்கியது. 33 அடி நீளமுள்ள சங்கிலி அளவுகோலாயிற்று. அச்சங்கிலியை நாற்புறமும் கொண்ட சதுரம் நாற்பது சேர்ந்தால் ஓர் ஏக்கர். இக்கணக்கு எளிதாதலின், எழுத்தறியாக் குடியானவனும் தன் வயலைத் தானே சரிபார்க்கக் கூடியதாயிருந்தது. அளந்தவர் வேலையை மற்றொரு கூட்டத்தார் மறுபடியும் அளந்து சோதித்தனர். தரம் பிரிப்போர் ஊர்த்தலைவரையும், கர்ணத்தையும், குடிகளையும் கூட்டிவைத்து, நன்செய், புன்செய், தோட்டம் என வகுத்து, மண்ணின் தன்மையை எல்லாரும் கேட்க உரைத்தனர். தன் வயலை அதிகத் தரத்தில் வைத்துவிட்டார்கள் என்று எண்ணியவன் அங்கேயே மறுத்துரைக்கலாம். ஒருவனுக்குத் தவறாகக் குறைத்திருந்தால் அயல் வயற்காரன் சும்மா இரான். இங்ஙனம் பலர் வாய்ச்சொற்கள் ஒன்றையொன்று திருத்த, உண்மை வெளிப்பட்டது. இக்காலத்து வரி விதிப்பில் காணும் கணக்குத் தாக்கல், பரிசோதனை, ஆட்சேபம், மேல்முறையீடு ஆகிய படிகள் யாவற்றுக்கும் ஒத்தவை அந்த வயல்வரப்பிலே நடந்தேறின.

1807-ஆம் ஆண்டின் வேண்டுகோள்

எல்லாம் அளந்து முடிந்தபின் மன்றோ ஓர் உண்மையை உணர்ந்தார். முறை எவ்வளவு நேர்மையாயினும் விகிதம் பெரிதாயின் பயனில்லை. அவர் விதித்த தீர்வை மொத்த விளைவில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்காக இருந்தது. இவ்வளவு கொடுத்தபின் உழவனிடம் எஞ்சுவது உண்பதற்கே போதாது. கிணறு வெட்டவோ, ஏர்மாடு வாங்கவோ, நிலத்துக்கு விலை மதிப்பு உண்டாகவோ வழியில்லை. ஆகவே தீர்வையில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்து, அரசின் பாகம் விளைவில் மூன்றில் ஒன்றளவாக நிற்கச் செய்தல் வேண்டுமென்று 1807-ஆம் ஆண்டில் மேலதிகாரிகளுக்கு எழுதினார். தாமே விதித்த வரியைத் தாமே மிகுதியென்று கூறி, வரவைக் குறைக்கும்படி வேண்டிய வரி அதிகாரியை நாம் சரித்திரத்தில் எளிதிற் காண்போமோ!

வேண்டுகோள் நிறைவேறவில்லை. கம்பெனிக்குப் போர்ச்செலவு மிகுந்திருந்த காலம் அது. மன்றோ அவ்வாண்டிலேயே விடுமுறை பெற்றுத் தாய்நாடு சென்றார். அவர் கப்பலேறியபின், சென்னை ரெவினியூ போர்டார் ரயத்துவாரியையே கைவிட்டு, ஊர்களை முதலில் மூன்றாண்டுக்கும் பின்னர்ப் பத்தாண்டுக்கும் குத்தகைக்கு விடும் முறையைப் புகுத்தினர். அதற்கு முன்னரே, அவரும் ரீட் துரையும் அளந்த சேலம் நாட்டிலே, நிலங்கள் மிட்டாக்களாக வகுக்கப்பட்டு மிட்டாதாரர்க்கு விற்கப்பட்டிருந்தன. அவர்களிற் பலர் தொகை செலுத்த மாட்டாது கெட்டனர். ஏழாண்டு ஒருபுறமும், ஏழாண்டு மற்றொருபுறமுமாக உழைத்த உழைப்பு முழுவதும் கண்முன்னே கலைந்தது.

லண்டனிலிருந்து மீண்டும் சென்னைக்கு

மன்றோ சோர்ந்திலர். இங்கிலாந்தில் ஆறாண்டுகட்கு மேல் தங்கி, தம் கொள்கைக்காக ஒரு வழக்கறிஞரைப் போலவே வாதாடினார். கம்பெனியின் சாஸனம் புதுப்பிக்கப்படும் காலம் அணுகியிருந்தது. 1812-இல் பார்லிமெண்டுக் கமிட்டியின் ஐந்தாம் அறிக்கை வெளிவந்தது. 1813-இல் காமன்ஸ் சபையின் முன் மன்றோ சாக்ஷி கூறினார். அவர் கையிலிருந்த ஆயுதம் சொல்வன்மை அன்று. ஊர் ஊராக எழுதிய கணக்கே. டைரக்டர்களின் மனம் மாறியது. 1814-ஆம் ஆண்டில் ஜேன் காம்பெல் என்னும் மாதரசியை மணந்து, சென்னை மாகாணத்து நீதி முறையைத் திருத்தும் கமிஷனின் தலைவராகத் திரும்பி வந்தார்.

அந்நாளில் ஜில்லா நீதிமன்றங்கள் சிலவே. சிறு தொகைக்கு வழக்காடும் உழவன் பல நாள் நடந்து சென்று, சாக்ஷிகளுக்குச் சோறிட்டு, தீர்ப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். 1816-ஆம் ஆண்டில் மன்றோவின் முயற்சியால் இயற்றப்பெற்ற சட்டங்கள், கிராமத் தலைவரையே முன்சீபாக்கிப் பத்து ரூபாய் வரையுள்ள வழக்குகளைத் தீர்க்கச் செய்தன. அவருக்கு மேலே ஜில்லா முன்சீபுகள் ஏற்பட்டனர். அப்பதவிகளில் நம் நாட்டவர் அமர்ந்தனர். பஞ்சாயத்துக்கும் சட்டம் இடமளித்தது. ஆனால் மன்றோ எதிர்பார்த்த அளவு மக்கள் அதனை நாடவில்லை. போலீஸ் அதிகாரமும் மாஜிஸ்டிரேட் அதிகாரமும் ஜில்லா ஜட்ஜுகளிடமிருந்து கலெக்டர் கைக்கு மாறின. இம்மாற்றத்தின் விளைவைப் பின்னர்க் கூறுவோம். அக்காலத்திலேயே கோயமுத்தூர் ஜில்லாவில் கஜானா அதிகாரி ஒருவன் ஆண்டுக்கணக்காகக் குடிகளைக் கொள்ளையிட்ட செய்தி வெளிப்பட, அதனை விசாரிக்கும் பொறுப்பும் மன்றோவிடம் வந்தது. நல்ல சட்டம் ஏட்டில் இருப்பினும், கலெக்டர் கண்மூடியிருப்பின் கீழுள்ளோர் எவ்வளவு தீங்கு செய்யலாம் என்பதற்கு அது சான்றாயிற்று.

1817-இல் மஹாராஷ்டிரப் போர் மூண்டபோது, ஐம்பத்தாறு வயதினராகிய மன்றோ தாமே விரும்பிக் கேட்டுப் படைத்தலைமை பெற்றார். சிறு சேனையோடு சென்று, பாதாமி, பெல்காம், ஷோலாப்பூர் முதலிய கோட்டைகளைக் கைப்பற்றினார். வென்ற ஊர்களில் உடனுக்குடன் வரி வசூலுக்கு ஏற்பாடு செய்து, மக்களைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டே முன்னேறினார். அவர் கற்ற இரு தொழில்களும் இங்கே ஒன்றுகூடின.

கவர்னர் பதவி

1820-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஸர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்தின் கவர்னரானார். ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பொதுமுறையாயிற்று. பதின்மூன்று ஆண்டுகட்கு முன் கலெக்டராயிருந்து தாம் எழுதி, ஏற்கப்படாது கிடந்த தீர்வைக் குறைப்பு வேண்டுகோளை, கவர்னராக அமர்ந்து தாமே நிறைவேற்றினார். அந்த நாடுகளில் நன்செய் புன்செய்களுக்கு நான்கில் ஒரு பங்கும், தோட்டங்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் குறைந்தன. ஒரு நியாயமான மனு தன் விடைக்காகப் பதின்மூன்று ஆண்டு காத்திருந்தது. எழுதியவர் அதனை மறவாதிருந்தமையால் விடை கிடைத்தது.

கல்வித்துறையில் அவர் செய்தது கல்லூரி மாணவராகிய நாம் அறிந்திருக்க வேண்டுவதாகும். 1822-ஆம் ஆண்டில் மாகாணம் முழுவதும் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை பேர் படிக்கின்றனர் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். நிலத்தை அளந்தவர் கல்வியையும் அளந்தார். 1826-இல் அக்கணக்கைத் தொகுத்தபோது, ஏறக்குறைய 1 கோடியே 28 லக்ஷம் மக்களுக்கு 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தமை தெரிந்தது. ஒவ்வொரு ஜில்லாவிலும் இரண்டு பெரிய பள்ளிகளும், ஒவ்வொரு தாசில்தார் எல்லையிலும் ஒரு பள்ளியும் நிறுவவும், சென்னையில் ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்கவும் திட்டமிட்டார். அவர் மறைந்தபின் இத்திட்டம் செழிக்கவில்லை.

நம் நாட்டவரை உயர்ந்த பதவிகளினின்று விலக்கி வைத்தல் அவர்களது ஒழுக்கத்தையே கெடுத்துவிடும் என்றும், ஒரு காலத்தில் அவர்கள் தம்மைத் தாமே ஆளும் தகுதி பெறுமாறு ஆட்சி நடைபெற வேண்டும் என்றும் 1824-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் எழுதி வைத்தார். அந்நிய ஆட்சியின் தூணாக நின்றவர் அவ்வாறு எழுதினார் என்பதை நாம் மறத்தலாகாது. அவர் அந்த ஆட்சியின் ஊழியரே என்பதையும் அதனோடு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கடைசிப் பிரயாணம்

நோயுற்ற இளமைந்தனை அழைத்துக்கொண்டு அவர் மனைவியார் 1826-இல் தாய்நாடு சென்றார். மன்றோவும் விடைபெற விரும்பினார். அவரிடத்திற்கு வேறொருவர் வந்து சேரத் தாமதமாயிற்று. அவ்விடைவேளையில், தாம் ஏழாண்டு அளந்து திரிந்த பழைய நாட்டையும் குடிகளையும் இறுதியாக ஒருமுறை கண்டுவர 1827-ஆம் ஆண்டு மே மாத முடிவிற் புறப்பட்டார். வழியில் விஷபேதி பரவியிருந்தது. ஜூலை மாதம் 6-ஆம் நாள், குத்திக்கு அருகிலுள்ள பத்திகொண்டா என்னும் ஊரில் நோய் அவரையும் பற்றியது. அன்றிரவே உயிர் பிரிந்தது. குத்தியில் அடக்கஞ் செய்யப்பட்ட அவர் உடலம், பின்னர் 1831-இல் சென்னைக் கோட்டையிலுள்ள பரிசுத்த மரியாள் ஆலயத்திற்குக் கொணரப்பட்டது. பத்திகொண்டாவில் அவர் நினைவாக ஒரு தோப்பும் கிணறும் அமைந்தன.

சென்னையில் தீவுத்திடலுக்கு அருகே, சான்ட்ரி என்னும் சிற்பி வடித்த அவரது வெண்கலச் சிலை 1839-இல் நாட்டப்பெற்றது. குதிரைமீதுள்ள அச்சிலையில் சேணமும் அங்கவடியும் இல்லாமை கண்டு, ஊரார் பல கதைகள் புனைந்து கூறுவர். மந்திராலயத்து மடத்தின் நிலத்தைப் பற்றி விசாரிக்கச் சென்ற மன்றோவுக்கு ராகவேந்திர சுவாமிகளே தரிசனம் தந்து பேசினார் என்னும் வரலாறும் ஆந்திர நாட்டில் வழங்குகின்றது. வரி அதிகாரியைப் பற்றி மக்கள் பக்தியோடு கதை சொல்லுதல் எங்கும் காணாத காட்சி.

குறையும் நிறையும்

புகழ் மட்டும் கூறி அமைதல் சரித்திரத்துக்கு அழகன்று. மன்றோ விரும்பிய மிதமான தீர்வை எல்லா ஜில்லாக்களுக்கும் கிட்டவில்லை. அவர் காலத்துக்குப் பின் பல ஜில்லாக்களில் தீர்வை மிகுதியாகவே நின்றது. விளைபொருளின் விலை வீழ்ந்த ஆண்டுகளிலும் பணமாகவே செலுத்த வேண்டியிருந்தமையால் குடிகள் கடனில் மூழ்கினர். வரி வசூலிக்கும் அதிகாரமும் தண்டிக்கும் அதிகாரமும் ஒரே கச்சேரியில் சேர்ந்தமையால், கீழுள்ள சேவகர் குடிகளை வதைத்துப் பணம் பறித்தனர். 1855-ஆம் ஆண்டில் சென்னையில் இவ்வதையை விசாரித்த கமிஷனின் அறிக்கை அக்கொடுமைகளை உலகறியச் செய்தது. வரி கேட்பவனே நீதியும் வழங்கலாகாது என்னும் உண்மை மன்றோவுக்குப் புலப்படவில்லை. தாம் நேர்மையாளராயிருந்தமையால், அந்த இருக்கையில் அமர்வோர் யாவரும் அவ்வாறே இருப்பர் என்று அவர் நம்பிவிட்டார் போலும். நீதியையும் நிர்வாகத்தையும் பிரித்தல் நாடு சுதந்தரம் பெற்றபின் நம் அரசியல் சாஸனத்தின் நெறிகளுள் ஒன்றாயிற்று.

இனி அரிமளத்துக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டுவரை இவ்வூர் தொண்டைமான் மன்னரின் புதுக்கோட்டை ஸமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தமையால், மன்றோவின் ஏற்பாடு இங்கே நேராக நுழையவில்லை. எல்லைக்கு அப்பாலுள்ள திருச்சி ஜில்லாவில் பட்டாவும் பணத்தீர்வையும் வழங்கிய காலத்தும், இங்கே விளைச்சலைக் களத்திலே பங்கிடும் அமானி முறை நெடுங்காலம் நின்றது. கதிர் முற்றியபின்னும் ஸர்க்கார் ஆள் வந்து மதிப்பிடும் வரை அறுக்கலாகாது. நெற்குவியலில் முத்திரை இட்டபின் பங்கு பிரியும் வரை தொடலாகாது. காத்திருக்குங்கால் மழையும், எலியும், காவலாளும் தத்தம் பங்கைக் கொண்டுபோயின. 1878-இல் நிர்வாகத்தை ஏற்ற ஸர் அ. சேஷையா சாஸ்திரியார் அமானியை ஒழித்துப் பணத்தீர்வையை ஏற்படுத்தினார். மன்றோ மறைந்து அரைநூற்றாண்டு கழிந்தபின், தன் பொறுப்பு இவ்வளவென்று முன்கூட்டி அறியும் உரிமை இந்தச் சீமை உழவனுக்கும் இங்ஙனம் வந்தெய்தியது.

படைத்துறையினின்று வரித்துறைக்கு வந்த மன்றோ, தம்முடன் கொணர்ந்தவை கட்டுப்பாடும், வெயிலையும் மழையையும் பொறுக்கும் உடலும், துவிபாஷியை நம்பாது நேரே சென்று காணும் வழக்கமுமேயாம். மற்றவற்றை அவர் வயல்வரப்பிலே கற்றார். வரிச்சட்டத்தைத் தொழிலாகக் கொள்ளப்போகும் நம் மாணவர்கள் சட்டப் புத்தகங்களைக் கற்றல் இன்றியமையாதது. அதனோடு, அச்சட்டம் யார் வீட்டு வாசலில் சென்று நிற்கின்றதோ அவர்தம் மொழியையும் கணக்கையும் வருத்தத்தையும் அறிதல் வேண்டும். மன்றோ தம் ஏட்டை மூடுமுன், எஞ்சிய நெல் உழவனுக்குப் போதுமா என்று கணக்கிட்டுப் பார்த்தார். போதாது என்று கண்டபோது, தம் மேலோர்க்கு அதனை எழுத அஞ்சவில்லை. வரித்தொழிலில் இறங்கும் இளைஞர்க்கு நாம் எடுத்துக்காட்ட விரும்பும் நெறி இதுவே.